குறிப்புச்சீட்டுகளுக்குப் பெயரிடுதல்: டிஜிட்டல் வெண்பலகையும் செயற்கை நுண்ணறிவும்

முன்னுரை

திருச்சபைக் கூட்டங்களில் கருத்துக்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதி வாங்கும் வழக்கம் புதிதன்று. குருசேகரக் கூட்டங்களிலும், பெண்கள் ஐக்கிய முகாம்களிலும், வாலிபர் மாநாடுகளிலும் சீட்டுகள் சேகரிக்கப்படுகின்றன. பின்பு அவை தலைப்புவாரியாகப் பிரிக்கப்பட்டு அறிக்கையாக எழுதப்படுகின்றன. அந்த அறிக்கையே செயற்குழுவுக்குச் செல்கிறது. சீட்டுகள் பெரும்பாலும் அன்றிரவே குப்பைக்குச் செல்கின்றன. ஆகவே சபையாரின் சொல்லுக்கும் திருமண்டலத்தின் தீர்மானத்துக்கும் இடையே நிற்பது அந்தத் தலைப்புதான்.

அண்மைக் காலத்தில் இப்பணி கணினித் திரைக்கு மாறியுள்ளது. மிரோ, மியூரல், ஃபிக்ஜாம் போன்ற டிஜிட்டல் வெண்பலகைகளில் பலர் பல ஊர்களிலிருந்து ஒரே வேளையில் குறிப்புகளை ஒட்டலாம். அவற்றுக்குப் பெயர்ச்சீட்டு இடும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் ஒப்படைக்கவும் கூடும். இவ்வசதி எவ்வாறு இயங்குகிறது, எதில் உதவுகிறது, எங்கே தவறுகிறது என்பவற்றைக் காவிரிப் படுகையின் அனுபவத்தை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. சீட்டு முறையின் தோற்றம்

இன்று உலகெங்கும் வழங்கும் ஒட்டுச்சீட்டின் பிறப்பில் ஆலயத்துக்கும் ஒரு பங்குண்டு. அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் சில்வர் என்னும் அறிவியலார், 1968ஆம் ஆண்டில், ஒட்டினாலும் எளிதில் கழன்றுவரும் ஒரு பசையைக் கண்டுபிடித்தார். அதற்கு ஏற்ற பயன் பல ஆண்டுகளாகத் தோன்றவில்லை. அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்ட் ஃபிரை ஆலயப் பாடகர் குழுவில் பாடுபவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள்கள் நழுவி விழுந்ததைக் கண்ட அவர், 1974இல் அந்தப் பசையை நினைவுகூர்ந்தார். 1980இல் ஒட்டுச்சீட்டு அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது.

சீட்டுகளைப் பிரித்து அடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர் ஜப்பானிய மானிடவியலார் ஜிரோ கவகிதா. நேபாளத்தில் கள ஆய்வு செய்த அவர், திரட்டிய எண்ணற்ற குறிப்புகளை அட்டைகளில் எழுதி, ஒன்றுக்கொன்று நெருக்கமானவற்றைச் சேர்த்து வைத்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துக்களால் அது கே.ஜே. முறை எனப்படுகிறது. இம்முறையின் இரு விதிகள் நமக்கு இன்றியமையாதவை. முதலாவது, தலைப்புகளை முன்னதாகவே தீர்மானித்து அவற்றுக்குள் அட்டைகளைத் திணித்தல் கூடாது. அட்டைகளைப் படித்த பின்னரே தலைப்புப் பிறக்க வேண்டும். இரண்டாவது, எக்குழுவிலும் சேராத அட்டையை வற்புறுத்தி எதனுள்ளும் சேர்த்தல் ஆகாது. அதைத் தனியே நிற்க விட வேண்டும்.

2. கருவியின் செயல்முறை

டிஜிட்டல் வெண்பலகையில் ஒவ்வொரு குறிப்புச்சீட்டுக்கும் தனி அடையாள எண் உண்டு. பெயர்ச்சீட்டுக்கும் அவ்வாறே ஓர் எண் உண்டு. பெயர்ச்சீட்டை ஒருமுறை உண்டாக்கினால் போதும்; பின்பு அதை எத்தனை குறிப்புகளிலும் இணைக்கலாம். அதன் பெயரை ஓரிடத்தில் மாற்றினால் இணைத்த எல்லா இடங்களிலும் மாறிவிடும். காகிதச் சீட்டு ஒரு குவியலில் மட்டுமே கிடக்க முடியும். திரையிலோ ஒரே குறிப்பு ‘நீர்ப்பாசனம்’ என்றும் ‘கடன்’ என்றும் இரு பெயர்களைத் தாங்கலாம். இது மெய்யான நன்மையாகும். ஏனெனில் மனிதரின் துன்பங்கள் ஒன்றோடொன்று பின்னியே வருகின்றன.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இப்பலகையை நாம் காண்பதுபோல் காண்பதில்லை. பலகையிலிருந்து குறிப்புகளின் பட்டியலை எழுத்து வடிவில் பெறுகிறது. அதைப் படித்து, ‘இன்ன எண்ணுள்ள குறிப்பில் இன்ன எண்ணுள்ள பெயரை இணை’ என்னும் கட்டளைகளை வரிசையாக அனுப்புகிறது. இவ்வாறு உதவியாளரையும் பிற மென்பொருள்களையும் இணைப்பதற்கான பொது நெறிமுறை ஒன்று 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்பது அதன் பெயர்.

இந்த அமைப்பிலிருந்தே சில பிழைகள் தோன்றுகின்றன. குறிப்புகள் மிகுதியாயிருந்தால் பட்டியல் பகுதி பகுதியாகவே வரும். உதவியாளர் முதற்பகுதியோடு நின்றுவிட்டால் எஞ்சியவை பெயரின்றிக் கிடக்கும். ‘நீர்’ என்று ஒன்றும் ‘தண்ணீர்’ என்று ஒன்றுமாக ஒரே பொருளுக்கு இரு பெயர்கள் உண்டாகலாம். அதே குறிப்புகளை மறுநாள் கொடுத்தால் வேறு தலைப்புகள் வரலாம். ஆகவே எத்தனை குறிப்புகள் இருந்தன, எத்தனைக்குப் பெயர் இடப்பட்டது என எண்ணிப் பார்ப்பது முதற்கடமை.

3. இயந்திரம் பொருள் கொள்ளும் விதம்

மொழி மாதிரி எனப்படும் இக்கருவி, சொற்களைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் எண்களின் தொகுதியாக மாற்றுகிறது. அது பயின்ற கோடானுகோடி வாக்கியங்களில் எந்தச் சொல் எச்சொல்லோடு வந்தது என்பதைக் கொண்டு பொருளின் அண்மையைக் கணிக்கிறது. ‘மதகு’, ‘வாய்க்கால்’, ‘தூர் வாருதல்’ என மூவர் மூன்று விதமாக எழுதினாலும் அவை ஒரே குறை என்பதை அது உணர்ந்து சேர்க்கும். பேச்சுத் தமிழில் எழுதியதையும் ஏட்டுத் தமிழில் எழுதியதையும் அருகருகே வைக்கும். நூற்றைம்பது சீட்டுகளை ஒரு குருவானவர் பிரிக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். இயந்திரத்துக்குச் சில நிமிடங்களே வேண்டும்.

எனினும் அது பயின்ற எழுத்துக்களில் ஆங்கிலம் மிகுதி; தமிழ் குறைவு. அத்தமிழிலும் நகரத்துச் செய்தி நடை மிகுதி. வட்டார வழக்கும் சபை வழக்கும் குறைவு. இதன் விளைவைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். படுகையின் கடைமடைப் பகுதியில் பல சிற்றூர்களைக் கொண்ட ஒரு குருசேகரம், ‘சபை கவனிக்க வேண்டியது யாது?’ என்று கேட்டுச் சீட்டு வாங்குகிறது எனக் கொள்வோம். வந்தவற்றுள் நான்கு இவை:

‘மேட்டூர் திறந்து ஒரு மாதமாகியும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை.’

‘கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்து முளைத்துவிட்டது.’

‘அறுவடை மெஷின் வந்தபிறகு தை மாதத்தில் பெண்களுக்கு வேலை இல்லை.’

‘எங்கள் தெருவுக்கு ஐயர் கிறிஸ்மஸுக்கு மட்டும்தான் வருகிறார்.’

முதல் இரண்டுக்கும் ‘நீர்ப்பாசனம்’, ‘நெல் கொள்முதல்’ என இயந்திரம் சரியாகவே பெயரிடக்கூடும். மூன்றாவதை ‘வேளாண்மை இயந்திரமயம்’ என்று சொல்லி, முன்னேற்றத்தைக் குறிக்கும் சீட்டுகளோடு அடுக்கிவிட இடமுண்டு. அப்போது கதிர் அறுத்துக் கூலி நெல் பெற்றுவந்த பெண் அந்தத் தலைப்பில் காணப்படமாட்டாள்.

நான்காவது சீட்டே பெரிய சோதனை. சீர்திருத்தச் சபைத் தமிழில் ‘ஐயர்’ என்பது குருவானவரைக் குறிக்கும் என்பதை நாம் அறிவோம். பொதுத் தமிழில் அது வேறு பொருள் தரும். படுகையின் சிற்றூர்களில் ‘தெரு’ என்னும் சொல் வெறும் பாதையைக் குறிப்பதன்று. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதையே சொல்லுகிறது. இவ்விரண்டையும் அறியாத கருவி, ‘கிறிஸ்மஸ்’ என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, அச்சீட்டைப் ‘பண்டிகை ஏற்பாடுகள்’ என்னும் தலைப்பில் சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்த்தால், மேய்ப்பர் தங்களைச் சந்திப்பதில்லை என்று ஒரு தெருவார் தெரிவித்த முறையீடு, நட்சத்திர விளக்குச் செலவோடு செயற்குழுவில் வாசிக்கப்படும். இங்கே எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ இல்லை. தலைப்பு நேர்த்தியாகவே இருக்கும். அதனாலேயே அதை எவரும் ஐயுறமாட்டார்.

4. தரங்கம்பாடியில் ஒரு பட்டியல்

பெயரிட்டு வகைப்படுத்தும் பணியில் இப்பகுதிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, 1708இல் தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் வரைந்தார். ‘பிப்லியோதேக்கா மலபாரிக்கா’ என வழங்கும் அப்பட்டியல் நான்கு பகுதிகளை உடையது: லுத்தரன் நூல்கள், கத்தோலிக்க நூல்கள், இந்து சமயத்தார் நூல்கள், இஸ்லாமியர் நூல்கள். இவற்றுள் மூன்றாம் பகுதியில் மட்டும் 119 நூல்கள் இடம்பெற்றன. அவர் ஒவ்வொரு நூலுக்கும் தலைப்போடு நில்லாமல், அது எதைப் பற்றியது, எத்தன்மையது என்று ஒரு குறிப்பும் எழுதினார். அவர் இட்ட பெயரை அக்குறிப்பைக் கொண்டு நாம் இன்று சோதித்துப் பார்க்க முடிகிறது. அப்பட்டியல் ஆராய்ச்சிக் குறிப்புகளோடு 2012இல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்ததும் இக்காரணம் பற்றியே பயனுடையதாயிற்று.

அவருடைய அறிவு தனித்துப் பெற்றதன்று. முதிய தமிழாசிரியர் ஒருவரும், மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பனும் அவருக்குத் துணைநின்றனர். பட்டியலைச் செய்தவராக உலகம் அறிந்தது சீகன்பால்குவை மட்டுமே. இன்றைய இயந்திரத்தின் பின்னாலும் இத்தகையோர் உண்டு. படங்களுக்கும் வாக்கியங்களுக்கும் கையால் பெயரிட்டு அதைப் பயிற்றுவித்த தொழிலாளர் பலர் இந்தியா, கென்யா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் குறைந்த ஊதியத்துக்கு உழைத்தனர். ‘இயந்திரமே செய்தது’ என்பதும் ஒருவகையில் பிழையான பெயர்ச்சீட்டே.

பெயர் தவறினால் நூலுக்கு என்ன நேரும் என்பதற்கும் சீகன்பால்குவின் வாழ்வே சான்று. தென்னிந்தியக் கடவுளரின் வம்சாவளியைப் பற்றி 1713இல் அவர் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பிய நூல், அச்சிடத் தகாதது என அங்கே ஒதுக்கப்பட்டது. 1867இல்தான் வில்ஹெல்ம் ஜெர்மன் என்பவர் அதைச் சென்னையில் பதிப்பித்தார். இடைப்பட்ட காலம் 154 ஆண்டுகள்.

நேர்மையாகச் செய்த வகைப்பாடும் முடிவானதன்று. தஞ்சையில் நீதிபதியாயிருந்த ஏ. சி. பர்னல், அரண்மனையிலிருந்த வடமொழிச் சுவடிகளுக்கு வகைப்படுத்திய அட்டவணையை 1880இல் வெளியிட்டார். ஆயினும் 1928 தொடங்கிப் பி. பி. எஸ். சாஸ்திரி சரஸ்வதி மகால் நூலகத்துக்காக விரிவான விளக்க அட்டவணைகளை மறுபடியும் தொகுக்க வேண்டியிருந்தது. சுவடிகள் கையில் இருந்தபடியால் அவற்றை மீண்டும் படிக்க முடிந்தது. சீட்டுகளை எறிந்துவிட்டுத் தலைப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை.

5. பெயர் மாறினால் வாழ்வு மாறும்

பெயர்ச்சீட்டு என்பது அலுவலக வசதி மட்டுமே எனச் சிலர் எண்ணலாம். படுகையின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. மூன்று நிகழ்ச்சிகளைக் கருதுவோம்.

தொடக்க கால லுத்தரன் மிஷனெரிகள் பலர், சபைக்குள் நிலவிய சாதி வேற்றுமையைச் ‘சமூக வழக்கம்’ என வகைப்படுத்தினர். அவ்வாறு வகைப்படுத்தியதால் ஆலயத்துக்குள்ளே தனித்தனி இருக்கைகள் நிலைத்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், அது வழக்கமன்று, சபையிலிருந்து முற்றிலும் அகற்றப்பட வேண்டியது எனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சைச் சபையில் பெருங்கலக்கம் உண்டாயிற்று. பலர் எதிர்த்து நின்றனர். இருக்கைகளும் மனிதரும் மாறவில்லை. ‘வழக்கம்’ என்னும் தலைப்பின் கீழிருந்த ஒன்றை ‘பாவம்’ என்னும் தலைப்புக்கு மாற்றியதே அக்கலக்கத்தின் காரணம்.

இரண்டாவது, 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். பண்ணையாள் என்னும் பெயருக்கு உரியவனைக் காரணமின்றி நீக்கலாகாது என்றும், அவனுக்கு உரிய கூலி இன்னது என்றும் அது வகுத்தது. இதினின்று தப்புமாறு நிலவுடைமையாளர் பலர் பண்ணையாட்களை விலக்கி, அன்றாடக் கூலிகளாக வைத்துக்கொண்டனர். அதே வயல், அதே வேலை, அதே மனிதன். பெயர் மாறியதும் பாதுகாப்பு நீங்கிற்று.

மூன்றாவது, கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள அச்சிற்றூரில், ஒடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளர் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அது ‘கூலித் தகராறு’ என்று பலராலும் குறிக்கப்பட்டது. கூலி உயர்வுக்கான போராட்டம் அங்கே நடந்தது உண்மையே. 1969இல் உழவுத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் நிறைவேறிற்று. ஆயினும் மாண்டவர் யாவரும் ஏன் ஒரே தெருவைச் சேர்ந்தவராயிருந்தனர் என்னும் கேள்விக்கு ‘கூலித் தகராறு’ என்னும் பெயர் விடை தருவதில்லை. அக்கேள்வி எழாதபடி அது மறைக்கிறது. பொய்யான பெயரைக் காட்டிலும் பாதி மெய்யான பெயர் நெடுங்காலம் நிலைக்கும்.

நம் எடுத்துக்காட்டிலுள்ள நான்காம் சீட்டை இந்தப் பின்னணியில் மறுபடியும் படிப்போமாக. ‘பண்டிகை ஏற்பாடுகள்’ என்னும் தலைப்பு ஏன் தீங்கானது என்பது அப்போது விளங்கும்.

சிலுவையின்மேல் வைக்கப்பட்ட மேல்விலாசத்தைக் குறித்து யோவான் எழுதியிருப்பதும் இங்கே கருதத்தக்கது (யோவான் 19:19-22). அது மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. பிரதான ஆசாரியர் கேட்டுக்கொண்டது அதை அகற்ற வேண்டும் என்பதன்று. அவ்வாறு அவரே சொல்லிக்கொண்டதாக வாசகத்தைத் திருத்த வேண்டும் என்பதே. ஒரு கூற்றுக்கும் ‘அப்படிச் சொன்னான்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை அவர்கள் நன்றாக அறிந்திருந்தனர். நம் அறிக்கைகளிலும் ‘நீர் வரவில்லை’ என்பது ‘நீர் பற்றிய மனக்குறைகள்’ என மாறும்போது இதே வேலை நடைபெறுகிறது. இயந்திரம் இத்தகைய மென்மையான தலைப்புகளை மிக விரும்பி இடும் இயல்புடையது.

6. கையாளும் முறை

இக்கருவியை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. குறைந்த ஆட்களைக் கொண்டு பரந்த சேகரங்களைக் கவனிக்கும் குருமாருக்கு அது மெய்யான துணையாகும். கீழ்க்கண்ட ஒழுங்குகள் உதவும்.

முதலாவதாக, எதைப் பலகையில் ஏற்றுவது எனத் தீர்மானிக்க வேண்டும். பாவ அறிக்கை, நோய், குடும்பப் பிணக்கு ஆகியவை பற்றிய சீட்டுகள் ஏறலாகாது. பெயர்களும் தொலைபேசி எண்களும் நீக்கப்பட வேண்டும். பலகையிலுள்ளது உதவியாளரை நடத்தும் நிறுவனத்தின் கணினிக்கும் செல்லுகிறது என்பதை மறத்தலாகாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சபைகளும் அறிந்திருத்தல் நலம். ஆயினும் குருவானவரைக் கட்டுவது அச்சட்டத்துக்கு முந்திய ஒரு கடமையாகும்.

இரண்டாவதாக, இயந்திரத்திடம் கொடுக்குமுன் எல்லாச் சீட்டுகளையும் குழுவில் ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும். கேட்ட செவி பின்பு பிழையை எளிதில் கண்டுகொள்ளும்.

மூன்றாவதாக, வட்டாரச் சொற்களின் பொருளை உதவியாளருக்கு முன்னரே எழுதிக் கொடுக்கலாம். ‘ஐயர் என்றால் குருவானவர், தெரு என்றால் குடியிருப்பு’ என்னும் ஒரே வரி பல பிழைகளைத் தவிர்க்கும்.

நான்காவதாக, இயந்திரம் இடும் பெயர்கள் முன்மொழிவாகவே இருக்க வேண்டும். அவற்றுக்குத் தனி நிறம் கொடுத்து, குழுவினர் ஏற்ற பின்பே நிறத்தை மாற்றலாம். குறிப்பை அழிக்கவோ சுருக்கி எழுதவோ அதற்கு அதிகாரம் அளித்தல் ஆகாது.

ஐந்தாவதாக, ‘மற்றவை’ என்னும் தலைப்பை முதலில் படிக்க வேண்டும். எண்ணிக்கையில் மிகுந்தவற்றுக்கு இயந்திரம் இடம் தரும். ஒரே ஒருவர் எழுதியதை மூலையில் தள்ளும். தனித்து நிற்கும் அட்டையை மதிக்குமாறு கவகிதா வகுத்த விதி இங்கே நமக்கு வழிகாட்டட்டும்.

ஆறாவதாக, பெயரிட்ட பலகையை எழுதியவர்களிடமே திரும்பக் கொண்டுபோக வேண்டும். ‘நீங்கள் சொன்னதற்கு இந்தப் பெயர் பொருந்துமா?’ என அந்தந்தச் சபையில் கேட்க வேண்டும். அவர்கள் மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டும். இதற்கு நேரம் செல்லும். இயந்திரம் மிச்சப்படுத்திய மாலைப்பொழுதைச் செலவிட இதைவிடத் தக்க வழி இல்லை.

ஏழாவதாக, அனைத்தையும் காகிதத்திலும் பதிவு செய்ய வேண்டும். பலர் பயன்படுத்திவந்த கூகுளின் ஜாம்போர்டு என்னும் வெண்பலகை 2024 டிசம்பர் 31ஆம் நாள் நிறுத்தப்பட்டது.  தஞ்சையின் ஓலைச்சுவடிகளோ நூற்றாண்டுகளைக் கடந்தும் படிக்கக் கிடைக்கின்றன.

முடிவுரை

ஒரு குறிப்புக்குப் பெயரிடுவது அதற்குரிய இடத்தைத் தீர்மானிப்பதாகும்; ஆகவே அது பொறுப்புள்ள செயல். வில்சனின் சுற்றறிக்கையை ஏற்காதோர் அவரிடம் விளக்கம் கேட்க முடிந்தது. சீகன்பால்குவின் குறிப்பை நூலோடு ஒப்பிட இன்றும் முடிகிறது. இயந்திரமோ தான் இட்ட பெயருக்கு எவரிடத்திலும் விடை சொல்லக் கடமைப்பட்டதன்று. அக்கடமை அறிக்கையில் கையொப்பமிடுபவரையே சாரும். ஆதலால் இறையியல் மாணவர் இக்கருவிகளைப் பயிலும்போதே அவற்றின் முடிவை மூலச் சீட்டோடு ஒப்பிடும் பழக்கத்தையும் பயில வேண்டும். குருமாரும் தங்கள் சேகரத்தின் அடுத்த ஆண்டறிக்கையை அனுப்புமுன், அதன் தலைப்புகளை ஒருமுறை கடைமடைத் தெருவில் படித்துக் காட்டுவார்களாக.